சோப்பு டப்பாவின் காது

ஜூலை 24

அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து பேசினான். கல்யாணத்துக்கு அவனிடம் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றனவாம். தாலி கட்டும் படத்தை நான்தான் எடுக்க வேண்டும். அந்தப் படத்தில் நானும் இருக்க வேண்டும்.

"ரெண்டும் ஒரே நேரத்துல எப்படிண்ணே முடியும்?"

"நீதானே எம்.எஸ்சி. பிசிக்ஸ். யோசி."

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை போடுவது முதல் முடிச்சு மட்டும். மற்ற இரண்டையும் அவன் தங்கை போட வேண்டும். செழியனுக்கு இருப்பது ஒரே தங்கை. மயிலாடுதுறையில், மாடி அறையில், படித்து முடித்துவிட்டு எதற்கோ காத்துக்கொண்டிருக்கும் நான்.

போனை வைக்கும்போது சொன்னான்: "நம்ம ஆல்பத்துல நீ எட்டாங்கிளாஸோட நின்னுபோயிட்ட நிரு. புதுசா பாக்கறவங்க அதுக்கப்புறம் நீ இல்லன்னு நெனச்சுக்குவாங்க."

ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். உண்மை. எட்டாம் வகுப்பில் அப்பா எனக்குக் கேமரா வாங்கித் தந்தார். அதற்குப் பிறகு நான் எங்கும் இல்லை. ஒரு படத்தில் என் விரல் இருக்கிறது. ஓரத்தில், மங்கலாக.

ஜூலை 25

அம்மாவும் தன் கல்யாண ஆல்பத்தை இறக்கினாள். தாலி கட்டும் பக்கம். அதில் அப்பா இல்லை, அம்மா இல்லை, தாலியும் இல்லை. இருப்பது பெரியப்பாவின் முதுகு. வெள்ளைச் சட்டை, நடுவில் வேர்வை ஏதோ ஒரு தீவின் வரைபடம் போல.

"இருபத்தொம்போது வருஷமா இந்த முதுகைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள்.

பெரியப்பா பக்கத்து வீடு. காப்பி குடிக்க வந்திருந்தார். "அட்சதை போடத்தான் எட்டிப் பாத்தேன். போட்டோகிராபர் என் பின்னாடி வந்து நின்னதுக்கு நான் என்ன பண்றது?"

"செழியன் கல்யாணத்துல நீங்க நாற்காலியை விட்டு எந்திரிக்கக் கூடாது மாமா."

"எந்திரிக்கல. சத்தியம்."

மூக்குப்பொடியை ஒரு சிட்டிகை இழுத்துக்கொண்டு சத்தியம் செய்தார். பிறகு தும்மினார். ஜன்னலில் இருந்த காக்கை பறந்தது.

ஜூலை 27

கேமராவை வைக்க ஓர் இடம் கண்டுபிடித்துவிட்டேன். மணவறையின் பக்கத் தூணில், உயரத்தில். அங்கே யாருடைய முதுகும் மறைக்காது. அங்கே யாரும் நிற்கவும் முடியாது. எனவே யாரும் தொடாமல் தானே எடுக்க வேண்டும்.

மூன்று வழி.

ஒளி. சுற்றிலும் வெளிச்சம் மாறினால் படம் எடுக்கும்படி வைக்கலாம். ஆனால் கல்யாண மண்டபத்தில் வெளிச்சம் மாறாத நொடி எது? வீடியோ விளக்கு, எல்லோருடைய போன், அணைந்து அணைந்து எரியும் சீரியல் பல்பு. மின்னலை எடுக்க அந்த வழி சரி. கல்யாணத்துக்கு இல்லை.

ரேடியோ. சின்ன ரிமோட். தூரத்திலிருந்து அழுத்தலாம். அழுத்த ஒரு விரல் வேண்டும். என் பத்து விரலும் மஞ்சள் கயிற்றில் இருக்கும்.

"நான் அழுத்தறேன்" என்றார் அப்பா.

அப்பா அழுவார். அழும்போது அவர் எதையும் அழுத்தியதில்லை.

ஒலி. இங்கேதான் எழுந்து உட்கார்ந்தேன். தாலி கட்டும் நொடியைத் தெரு முழுக்க அறிவிக்கும் ஒரு சத்தம் ஏற்கெனவே இருக்கிறது. கெட்டிமேளம். ஐயர் கை தூக்குவார், தவில் கொட்டும், அண்ணன் கட்டுவான். தவில் கொட்டும்போது கேமரா எடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு காது செய்தால் போதும்.

மகிழ்ச்சியில் மாடிப்படியில் இரண்டிரண்டாக இறங்கினேன். கீழே போனதும் எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. வெங்காயம் உரித்தேன்.

ஜூலை 30

காது தயார். மிளகளவு மைக், கட்டைவிரல் அளவு போர்டு, ஒரு பேட்டரி, கேமராவின் ரிமோட் துளையில் சொருகும் நீள ஒயர். எல்லாவற்றையும் வைக்கப் பெட்டி வேண்டும். குளியலறையில் புது சோப்பு டப்பா இருந்தது. நீலம். மூடி சரியாகப் பொருந்தும். ஒரு ஓட்டை போட்டுப் பச்சை விளக்கு பொருத்தினேன். விளக்கு எரிந்தால் காது விழித்திருக்கிறது.

"சோப்பை எங்கடி வைக்கறது?"

"கல்யாணம் முடிஞ்சதும் திருப்பித் தரேம்மா."

கை தட்டினேன். கிளிக்.

மறுபடி. கிளிக்.

படத்தைப் பார்த்தேன். வாய் திறந்தபடி, தலை கலைந்து, கைகள் மங்கி, ஒருத்தி. எட்டாம் வகுப்புக்குப் பிறகு என் முதல் படம். கொஞ்ச நேரம் அடையாளம் தெரியவில்லை.

ஆகஸ்ட் 2

டப்பாவைக் காலையிலிருந்து கூடத்து அலமாரியில் விழிக்க வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அன்றைய வீட்டின் சத்தமெல்லாம் படங்களாக இருக்கிறது.

குக்கர் விசில்: அம்மா ஓடி வருகிறாள், ஒரு கால் தரையில் இல்லை. கதவு காற்றில் அறைந்தது: அப்பா நாளிதழிலிருந்து தலை தூக்குகிறார், கண்ணாடி மூக்கின் நுனியில். மீன்காரர் ஹாரன்: அம்மா, அப்பா இருவரும் ஒரே திசையில் திரும்பியிருக்கிறார்கள், ஒரே மாதிரி. பெரியப்பாவின் தும்மல்: பெரியப்பா உருவமே இல்லை, வேகத்தில் ஒரு வெள்ளைப் புகை.

யாரும் படத்துக்கென்று முகம் வைத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்திருந்தால் எல்லோரும் நேராக நின்றிருப்பார்கள். என்னைப் பார்த்ததும் என் வீட்டார் ஒரு நூல் விறைப்பாகிவிடுகிறார்கள் என்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

ஆனால் இப்படி எல்லாச் சத்தத்துக்கும் எடுத்தால் ஆகாது. அளவை ஏற்றினேன். குக்கருக்கு மேல். கதவுக்கு மேல். கடைசியாகப் பெரியப்பாவைக் கூப்பிட்டு, டப்பாவுக்கு நேராக உட்கார வைத்து, பொடி போடச் சொன்னேன்.

"அறிவியலுக்காகவா?"

"அறிவியலுக்காக பெரியப்பா."

தும்மினார். கேமரா அசையவில்லை. பெரியப்பாவின் தும்மலுக்கு மேலே கோடு போட்டாயிற்று. இனி எந்தத் தும்மலாலும் இந்தக் கல்யாணத்தைக் கெடுக்க முடியாது.

ஆகஸ்ட் 6

தும்மலுக்கு மேலே இருக்கும் அந்தச் சத்தம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். செல்போனில் கேட்ட கெட்டிமேளம் உதவாது. அதனால் செம்பனார்கோயிலுக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் கல்யாணத்துக்குப் பேசியிருக்கும் மேள செட் அங்கேதான். நாயனம் கோதண்டபாணி ஐயா. தவில் அவருடைய அக்கா மகன். ஆடி மாதம், முகூர்த்தம் இல்லை. வீட்டில் இருந்தார்கள்.

கோதண்டபாணி ஐயா டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, சோப்பா?"

"கேமராவுக்குக் காது ஐயா."

"வைத்தி, இங்க வாடா. உன் தவிலைக் கேக்கறதுக்குன்னே ஒரு ஜீவன் வந்திருக்கு."

தவில்காரர் உள்ளேயிருந்து வந்தார். வைத்தியலிங்கம். பெயரைக் கேட்டு அறுபது வயது என்று நினைத்திருந்தேன். இருபத்தேழு இருக்கும். ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வந்து, டப்பாவுக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

"எதுக்குக் கண்ணைத் தொறக்கும் இது?"

"நீங்க கெட்டிமேளம் வாசிச்சா."

"நான் சரியா வாசிக்கலன்னா?"

"தொறக்காது."

"மாமாவைவிடக் கறாரா இருக்கே."

விரல்களில் கூடுகளை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் குச்சியை எடுத்து, வாசித்தார். கூடத்துப் பாத்திரங்கள் அதிர்ந்தன. கேமரா எடுத்தது. எடுத்துக்கொண்டே இருந்தது.

அளவு குறித்துக்கொண்டேன். வேலை முடிந்தது.

ஆகஸ்ட் 9

முடியவில்லை. வேறு ஒரு சிக்கல். அளவு மட்டும் போதாது. தவிலில் சாதாரணமாக ஒரு உருப்படி வாசித்தாலும் உச்சத்தில் அதே அளவு வருகிறது. இப்படியிருந்தால் மாப்பிள்ளை அழைப்புக்கே கேமரா கண்ணைத் திறந்துவிடும். மறுபடி செம்பனார்கோயில்.

பதிவை லேப்டாப்பில் போட்டு அலையை நானும் வைத்தியலிங்கமும் பார்த்தோம். சாதாரண வாசிப்பு, மலையும் பள்ளமும். கெட்டிமேளம் பள்ளமே இல்லாத ஒரு பீடபூமி.

"இது நானா?" என்று திரையைத் தொட்டுப் பார்த்தார். "பரவால்ல. பாக்கவும் நல்லாத்தான் இருக்கேன்."

இரண்டு நொடி பள்ளமில்லாமல் இருந்தால் மட்டும் எடு என்று எழுதினேன். அவர் வேண்டுமென்றே ஏமாற்றிப் பார்த்தார். ஒன்றே முக்கால் நொடியில் நிறுத்தினார். டப்பா சும்மா இருந்தது. இரண்டைத் தாண்டினார். கிளிக். நிறுத்தினார். சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும், கோதண்டபாணி ஐயா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

ஓர் ஆள் தன் இடத்தில் உட்கார்ந்து கை வீசினால், இன்னொரு ஆளின் கேமரா கண் மூடித் திறக்கிறது. நடுவில் காற்று மட்டும். பாடப்புத்தகத்தில் இதற்கு அழுத்த அலை என்று பெயர். சரியான பெயர்தான்.

ஆகஸ்ட் 10

டப்பா நன்றாக வேலை செய்கிறது. நாளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 11

செம்பனார்கோயில் போய்ச் சரிபார்த்தேன். நேற்றும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 15

அத்தை வந்தாள். முறுக்கு பிழிந்தோம். எனக்கு எடுத்த பட்டுப் புடவை ஒருவிதப் பச்சை. டப்பா விளக்கின் பச்சை அல்ல, ஆனால் அருகில் வருகிறது.

ஆகஸ்ட் 21

ஆவணியின் முதல் முகூர்த்தம். வைத்தீஸ்வரன்கோயிலில் முன்பின் தெரியாத ஒருவருடைய கல்யாணம். வைத்தியலிங்கம் வாசிக்கிறார் என்பதால் ஒத்திகைக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் வீடு என்று நினைத்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்கள். இரண்டு தரப்பும் காப்பி கொடுத்தது.

கேமரா கெட்டிமேளத்தின் இரண்டாவது நொடியில் எடுத்தது. தாலி, கை, கயிறு, எல்லாம். குதித்தேன். பிறகு அது நிற்கவில்லை. கட்டி முடித்து எல்லோரும் உட்கார்ந்த பிறகும் யார் யாரோ மேளத்துக்குக் காசு கொடுத்து இன்னொன்று, இன்னொன்று என்று கேட்க, தவில் ஏறிய இடத்திலெல்லாம் எடுத்து, கார்டு நிறைந்து, சூடாகி, அணைந்தது. ஒரு கிழவர் வெற்றிலை மடிப்பதே நானூறு படம்.

பந்தியில் வைத்தியலிங்கம் எதிர் இலையில். "நல்லா கேக்குது. எப்ப போதும்னு சொல்லத்தான் அதுக்குத் தெரியல."

சரியான விமர்சனம். இதைச் சரிசெய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 28

சரிசெய்தேன். கெட்டிமேளம் கேட்டதும் ஒரு நிமிடம் தொடர்ந்து படம் எடுக்கும். பிறகு தூங்கிவிடும். பச்சை விளக்கு அணையும். எழுப்ப வேண்டுமென்றால் டப்பாவின் பக்கத்தில் ஒரு பட்டன்.

செம்பனார்கோயிலில் காட்டினேன்.

"முன்னாடியே ஏதாவது சத்தத்துல தூங்கிட்டா?"

"தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குக் கெளம்பும்போதுதான் எழுப்புவேன். அதுக்கப்புறம் ஒரே ஒரு கெட்டிமேளம்தானே?"

யோசித்தார். "ஆமா. ஒண்ணுதான்."

கோதண்டபாணி ஐயா நாயனத்தின் சீவாளியை வாயில் வைத்து ஊறவைத்துக்கொண்டே தலையாட்டினார். மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கைச் சாப்பிட்டோம். அம்மா கொடுத்தனுப்பவில்லை. நான் எடுத்துக்கொண்டு போனது.

செப்டம்பர் 3

வீடு முழுக்க ஆள். குளியலறைக்கு வரிசை. என் மேஜையில் யாரோ வாழைப்பழத் தார் வைத்திருக்கிறார்கள்.

அண்ணன் வந்துவிட்டான். டப்பாவைப் பார்த்தான். மாடியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எடுக்கலன்னாலும் பரவால்ல நிரு. நீ முடிச்சு போட்டா போதும்."

"எடுக்கும்."

"சரி."

"எடுக்கும்ணே."

"சரின்னு சொல்லிட்டேன்ல."

அதற்குப் பிறகு எனக்குத்தான் பயம் வந்தது. சரி என்று அவன் சொன்ன விதத்தில் எடுக்காது என்று அவன் ஏற்கெனவே மன்னித்துவிட்டது தெரிந்தது. எனக்கு மன்னிப்பு வேண்டாம். எனக்குப் படம் வேண்டும். நான் இருக்கிற படம்.

செப்டம்பர் 5, மாலை

கார்டை இன்னும் பார்க்கவில்லை. முதலில் எழுதிவிடுகிறேன்.

விடிந்ததும் தூணில் கேமராவைக் கட்டினேன். அதே தூணின் அடியில் மேள செட் உட்காரும். உட்கார்ந்த ஆளின் தோள் உயரத்தில் டப்பாவைக் கட்டி, அதைச் சுற்றி மல்லிகைச் சரம். மண்டப மேனேஜர் வந்தார். ஒயரைப் பார்த்தார். சோதனைக்காக எரியவிட்டிருந்த விளக்கைப் பார்த்தார். இரண்டடி பின்னால் போனார்.

"என்னம்மா இது?"

"சோப்பு டப்பா சார்."

"சோப்பு டப்பாவுக்கு எதுக்கும்மா ஒயரு?"

பின்னாலிருந்து ஒரு குரல். "என் மைக்கு சார் அது. தவிலுக்கு."

மேனேஜர் நம்பிப் போனார். தவிலுக்கு மைக் வேண்டும் என்பதை நம்பக்கூடிய ஒரு மனிதர் உலகத்தில் இருக்கிறார்.

"பொய் சொல்றீங்க" என்றேன்.

"உங்களுக்காக ஒண்ணு" என்றார். தவிலின் வாரை இறுக்கிக்கொண்டே சொன்னார், நிமிரவில்லை.

தாலித் தட்டு மணவறையை விட்டு இறங்கியது. பட்டனை அழுத்தினேன். பச்சை. மணவறைக்குப் போய்ச் சங்கவி அண்ணியின் பின்னால் நின்றேன். பெரியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே இங்கேருந்து நகரக் கூடாது."

தட்டு முதல் வரிசையில் வந்தது. ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட்டார்கள். பெரியப்பாவிடம் போனது. சத்தியம் செய்தபடி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே தொட்டார். உட்கார்ந்தபடியே கண்ணில் ஒற்றிக்கொண்டார். பொடி போட்ட விரல்.

தும்மினார்.

மண்டபம் உறைந்தது. தாலிக்கு நேராக ஒரு தும்மல். அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு மட்டும் ஒரு சந்தோஷம். தும்மலுக்கு மேலே கோடு போட்டிருக்கிறேன், கேமரா அசையாது. அசையவில்லை.

அடுத்த கணம் கோதண்டபாணி ஐயா புருவத்தைத் தூக்கினார். யாரும் கேட்காமலே, யாரும் சொல்லாமலே, தவில் வெடித்தது.

கெட்டிமேளம்.

கெட்ட சத்தம் காதில் விழக் கூடாது என்றால் மேளம் கொட்டுவார்கள். பிறந்ததிலிருந்து எத்தனை கல்யாணத்தில் கேட்டிருக்கிறேன். யாராவது தும்மினால், யாராவது அழுதால், யாராவது தட்டைக் கீழே போட்டால். தும்மலுக்குக் கோடு போட்டேன். தும்மலுக்கு வரும் பதிலை மறந்தேன்.

வைத்தியலிங்கமும் மறந்திருக்கிறார். வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் முகம் மாறியது. கை நிற்கவில்லை. நிறுத்த முடியாது. என்னைப் பார்த்தார். தூணில் கேமரா மணவறையோடு முதல் வரிசையையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம். பிறகு பச்சை அணைந்தது.

தட்டு திரும்பி மேலே வந்துவிட்டது. டப்பா எனக்கு ஆறேழு அடி தள்ளி. பெரியம்மா கை தோளில். அண்ணன் தலையைத் திருப்பாமல் கேட்டான்: "ரெடியா?"

"ம்" என்றேன்.

ஐயர் தாலியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

கத்தினேன். என்ன கத்தினேன் என்றால், "வைத்தி!" என் குரல் எனக்கே கேட்கவில்லை. எந்தச் சத்தமும் கேட்கக் கூடாது என்பதற்காகத்தானே அது. அவருக்குக் கேட்டிருக்க முடியாது. ஆனால் திரும்பினார். என்னைப் பார்த்தார். பிறகு நான் பார்க்கும் இடத்தைப் பார்த்தார். அணைந்த விளக்கு.

குச்சி இருந்த கை தவிலை விட்டு மேலே எழுந்தது. மேளத்தில் ஒரு பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி. நாயனத்துக்கு மேலே கோதண்டபாணி ஐயாவின் கண்கள் விரிந்தன. குச்சியின் நுனி மல்லிகைக்குள் போய்ப் பட்டனைக் குத்தியது. பச்சை.

குச்சி திரும்பி வந்து தோலில் விழுந்தது.

ஒன்று. இரண்டு.

மஞ்சள் கயிறு வழுக்கியது. அண்ணன் முதல் முடிச்சைப் போட்டு என் விரல்களுக்கு விட்டான். இரண்டாவது முடிச்சு நினைவிருக்கிறது. மூன்றாவது எப்படிப் போட்டேன் என்று தெரியவில்லை. தலைமேல் அரிசி விழுந்தது. அண்ணி குனிந்தபடியே என் கையைத் தட்டினாள். "போதும்டி, இறுக்கிட்ட."

மேளக்காரர்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று பந்தியில் விசாரித்தேன். பொதுவாக.

பிறகு தூணிலிருந்து டப்பாவை அவிழ்க்கப் போனேன். தவிலை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"தும்மலை மறந்துட்டோமே" என்றார். "அது எங்களுக்கு மூச்சு விடற மாதிரி. மூச்சு விடறதை யாராவது சொல்லுவாங்களா?"

"மாமா திட்டினாரா?"

"பதினஞ்சு வருஷத்துல மொத அடி விட்டிருக்கேன். ராத்திரி வரைக்கும் திட்டுவார்." உறையின் வாயைக் கட்டிக்கொண்டே: "விழுந்துதா படம்?"

"தெரியல."

"நீங்க கத்தினீங்களா அப்ப?"

"இல்லையே."

செப்டம்பர் 6

பார்த்தாயிற்று.

காலையில் எல்லோரும் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அண்ணன், அண்ணி, அப்பா, அம்மா, பெரியப்பா. பெரியப்பாவைப் பின்னால் உட்கார வைத்தோம்.

முதலில் தும்மல் வரிசை. முதல் படத்தில் மண்டபமே பயந்திருக்கிறது. ஐந்தாவது படத்தில் யாரோ சிரிக்கிறார்கள். பத்தாவதில் எல்லோரும். ஓரத்தில் சங்கவி அண்ணி, காலையிலிருந்து குனிந்த தலை நிமிரக் கூடாது என்று சொல்லி வைத்திருந்த தலையை முழுக்க நிமிர்த்தி, பல் தெரிய. சிரிப்பவர்கள் நடுவில் பெரியப்பா, உலகத்திலேயே தனியாக, மூக்கில் துண்டோடு.

"இதை ப்ரேம் போடுங்க அத்தை" என்றாள் அண்ணி.

"என்னையா?" என்றார் பெரியப்பா. கோபப்பட முயன்றார். "முகமாவது தெரியுதே."

பிறகு இரண்டாவது வரிசை.

முதல் முடிச்சு பாதியில். அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறான். அடுத்தது என் கை. அடுத்தது என் கை, கயிறு, அண்ணியின் பின்கழுத்து. அடுத்தது எல்லாம்: காற்றில் நின்ற அரிசி, ஒவ்வொரு மணியும் தனித்தனியாக. அழும் அப்பா. மேலே பார்த்துக் கும்பிட்ட அம்மா. குனிந்த அண்ணன். முடிச்சு. பச்சைப் புடவையில் நான். எந்த முதுகும் இல்லை.

அம்மா திரையைத் தொட்டாள். முதலில் தாலியை. பிறகு என்னை.

"வந்துட்ட" என்றான் அண்ணன்.

அப்பா எழுந்து போனார். அழத்தான்.

நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை தட்டிய நாளில் எடுத்த அந்தப் பெண்ணை அடையாளம் தெரியவில்லை. இவளைத் தெரிந்தது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

"எல்லாரும் தாலியைப் பாக்கறாங்க. நீ எங்கடி பாக்கற?"

படத்தில் நான் முடிச்சைப் பார்க்கவில்லை. கேமராவையும் பார்க்கவில்லை. கேமராவுக்குக் கொஞ்சம் கீழே.

"டப்பாவைம்மா. விளக்கு எரியுதான்னு."

"எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

அம்மா படத்தைப் பெரிதாக்கினாள். அதை எப்படிச் செய்வது என்று அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. திரை முழுக்க என் முகம்.

"ஒரு பல்பைப் பாத்தா இப்படிச் சிரிப்பாங்க?"

அண்ணி இருமினாள். அண்ணன் கூரையைப் பார்த்தான். பெரியப்பா மட்டும் ஒன்றும் புரியாமல், "நல்லாத்தானே சிரிச்சிருக்கு புள்ள" என்றார்.

"மேளக்காரங்க சாப்பிட்டாச்சான்னு நேத்து நீ மூணு தடவை கேட்ட" என்றாள் அம்மா. "ஐயர் சாப்பிட்டாரான்னு ஒரு தடவைகூடக் கேக்கல."

விளக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. அவரும் அந்தப் பக்கம்தான் இருந்தார். இரண்டும் உண்மை.

செப்டம்பர் 8

வைத்திக்குப் படத்தை அனுப்பினேன். நன்றி என்று ஒரு வரி. பெரிதாக்காமல்தான் அனுப்பினேன். அவருக்கும் பெரிதாக்கத் தெரியும்.

செப்டம்பர் 9

பதில்: "அரிசி ரொம்ப நல்லா விழுந்திருக்கு."

பத்து நிமிடம் கழித்து: "விட்டுப்போன அடியை அடுத்த முகூர்த்தத்துல போட்டுடறேன்னு மாமாகிட்ட சொல்லியிருக்கேன். பதினாலாம் தேதி, திருவிடைமருதூர். வாங்க."

கேமராவுக்கு எந்த லென்ஸ் எடுத்துப் போவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது மூன்றாவது வந்தது.

"டப்பா இல்லாம வாங்க."

செப்டம்பர் 14

அதே பச்சைப் புடவை. செருப்பு மாட்டும்போது அம்மா கூடத்திலிருந்து பார்த்தாள். கேட்கவில்லை எங்கே என்று. அலமாரியைக் காட்டினாள்.

"டப்பாவை விட்டுட்டுப் போறியே?"

"வேண்டாம்மா இன்னைக்கு."

"அப்ப சோப்பு வச்சுக்கவா?"

"வச்சுக்கோ."

கேமராவும் எடுக்கவில்லை. பஸ்ஸில் கைகளுக்கு வேலையில்லை. மடியில் வைத்தேன். ஜன்னலில் வைத்தேன்.

மண்டபத்தில் யாரையும் தெரியாது. பின் வரிசையில் உட்கார்ந்தேன். இரண்டு தரப்பும் காப்பி கொடுத்தது. மேள செட் மணவறைக்கு இடப்பக்கம். வைத்தி பார்த்தார். விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டினார், மெதுவாக. கோதண்டபாணி ஐயா என்னையும் பார்த்து அவரையும் பார்த்து, நாயனத்தை வாய்க்குக் கொண்டுபோனார்.

ஐயர் கை தூக்கினார்.

எல்லோரும் எழுந்து நின்று தாலியைப் பார்த்தார்கள். போன்கள் உயர்ந்தன. நானும் எழுந்தேன். நான் தாலியைப் பார்க்கவில்லை.

முதல் அடி விழுந்தது. கண் மூடித் திறந்தேன்.